காலில் பட்டை கட்டினால் இதய அடைப்பு கரையாது!



"கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம், பைபாஸும் வேண்டாம்" என்று இ.இ.சி.பி. சிகிச்சைக்கு விளம்பரம் வந்தால், வாட்ஸ்அப்பில் தட்டிவிடும் முன் இதைப் படியுங்கள்.

சிகிச்சை பொய்யில்லை. விளம்பரம்தான் பொய்.

கெண்டைக்கால், தொடை, இடுப்பு என மூன்று இடத்தில் காற்றுப் பட்டை கட்டுவார்கள். இதயம் சுருங்கி ஓய்வெடுக்கும் நேரத்தை ஈ.சி.ஜி. காட்ட, பட்டைகள் கீழிருந்து மேலாக இறுகும். ரத்தம் இதயம் நோக்கித் தள்ளப்படும். அடுத்த துடிப்புக்குள் பட்டை தளர்வதால் இதயத்துக்குப் பளு குறையும். தினம் ஒரு மணி நேரம், மொத்தம் 35 முறை, ஏழு வாரம். அட்மிட் ஆக வேண்டியதில்லை.

1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 139 நோயாளிகளில் இதைப் பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி வருவது குறைந்தது. உண்மை. ஆனால் அடைப்பு கரைந்ததாகவோ ஆயுள் கூடியதாகவோ அந்த ஆய்வு காட்டவில்லை. பைபாஸோ ஸ்டென்ட்டோ செய்ய முடியாதவர்களின் கடும் நெஞ்சுவலிக்கு மட்டுமே அமெரிக்க அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தருகிறது. சாதாரண நெஞ்சுவலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே பிரிட்டன் 2011-ல் சொல்லிவிட்டது. காலில் ரத்தக்கட்டி, மகாதமனி வீக்கம், வால்வில் கடும் கசிவு உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர் இதை நம்பி பைபாஸைத் தள்ளிப்போட்டால்? உயிரே போகலாம். ஆபரேஷன்னா நம்ம ஜனத்துக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் காசாக்குறாங்க!

சரி, உண்மையிலேயே இது தேவைப்படும் ஏழைக்கு என்ன வழி? மணப்பாறையில் கொத்தனார் வேலை பார்ப்பவர் 35 நாள் திருச்சிக்கு வந்து போனால் 35 நாள் கூலி போச்சு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஸ்ரீரங்கத்தில் தனியாக வாழும் பெரியவரை தினமும் காவிரிப் பாலம் தாண்டி யார் கூட்டிப் போவது?

எனவே நம் கோரிக்கைகள்:

1. இதய நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் அதைத் தூசி தட்டி எடுக்கட்டும்.

2. யாருக்கு இ.இ.சி.பி. என்பதை திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் இதய மருத்துவரும் அறுவை நிபுணரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வேறு வழியில்லாதவருக்கு இலவசமாகக் கிடைக்கட்டும்.

3. தனியார் மையங்கள் 35 முறைக்குமான முழுக் கட்டணத்தையும் வாசலில் எழுதி வைக்கட்டும்.

4. காசநோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் சத்துணவு உதவி தர முடிகிறது. இந்த ஏழு வாரத்துக்கு பஸ் காசும் கூலி இழப்பீடும் தர முடியாதா?

ஒன்றை மறக்காதீர்கள்: திடீர் நெஞ்சுவலிக்கு இது சிகிச்சையே இல்லை. உடனே 108-ஐ அழையுங்கள்.

பகிருங்கள் தோழர்களே. உங்கள் தெருவில் ஒருவராவது இந்த விளம்பரத்தை நம்பிக்கொண்டிருப்பார்.

#இதயம்_விற்பனைக்கல்ல
#மருத்துவம்_மக்கள்_உரிமை