கஞ்சமலை விட்டுச்சென்ற கணக்கு

சேலத்துக் கஞ்சமலை அடிவாரத்தில் நெடுங்காலம் ஊதுலைகள் எரிந்தன. மலை தந்த தாதுவையும் காடு தந்த கரியையும் கொண்டு சிறுகச் சிறுக இரும்பு உருக்கி வாழ்ந்த குடிகளின் நிலம் இது. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் பெரும் உலை எழுப்பினார். தாதுவுக்குப் பஞ்சமே வரவில்லை. உலையின் பசிக்குக் காடுகள்தாம் ஈடுகொடுக்கவில்லை. கரி வரும் தொலைவு நீள நீளச் செலவு ஏறி, அந்த நூற்றாண்டு முடியுமுன்பே நெருப்பு அவிந்துபோயிற்று.

ஹீத்தின் உலை எழுந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின், இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜவ்வரிசியின் வரத்து நின்றபோது, அதைச் செய்ய இதே சமவெளி மரவள்ளிக் கிழங்கைக் கையிலெடுத்தது. கிழங்கு பக்கத்து மேட்டுநிலத்திலேயே விளைந்தது. பாலெடுத்தபின் மிஞ்சிய திப்பியும் தீவனமாக விலைபோயிற்று. அப்படியிருந்தும் விலை சரிந்த ஆண்டுகளில் சிறு ஆலைக்காரர்கள் வியாபாரி சொன்ன விலைக்கு இசைய நேர்ந்தது. 1981-இல் பிறந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அவர்களுக்குக் கிடங்கும், இருப்பின்மேல் முன்பணமும், ஏலச் சந்தையும் தந்தது.

இன்று இந்நிலத்தில் பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலை தொடங்க எண்ணுவோர் பலர். தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகம் 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. காவிரிக்கு அக்கரையில் கரூரில் பழைய பாட்டில்கள் இழையாகித் துணியாகின்றன. இவற்றைக் கண்டு ஆலை போட வருகிறவர்கள் முதலில் இயந்திரத்தின் விலையை விசாரிக்கிறார்கள். ஹீத்தின் உலையும் நல்ல உலைதான்; அவிந்தது தீனி கட்டுபடியாகாமல். இங்கே தீனி குப்பை. பாட்டில் தனி, குடம் தனி, பை தனி என்று பிரிந்து வந்தால்தான் அதை உருக்கி எடுக்கும் குருணைக்கு விலை உண்டு. சோறும் மண்ணும் ஒட்டி வரும் கலவையில் கழுவும் செலவே ஆதாயத்தைத் தின்றுவிடும். அப்படிப் பிரித்துத் தருகிறவர்கள் தெருவில் பொறுக்குவோரும் பழைய இரும்புக் கடைக்காரர்களும். கச்சா எண்ணெய் மலிந்தால் புதுக் குருணை மலியும், அதோடு பழையதன் விலையும் சரியும். அந்நாளில் இவர்களைத் தாங்க ஒரு சங்கமும் கிடங்கும் இல்லையேல், பொருள் வரத்து நின்று ஆலையும் நிற்கும்.

இன்னொரு பாடத்தைத் தண்ணீர் எழுதிவைத்திருக்கிறது. குமாரபாளையத்தின், பள்ளிபாளையத்தின் சாயநீர் காவிரியை என்ன செய்தது என்பதைக் கரையோரத்தார் அறிவார்கள். பிளாஸ்டிக் கழுவிய நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் செலவை முதல் நாள் கணக்கில் சேர்க்காமல் காட்டும் இலாபம், பேரப்பிள்ளைகள் பேரில் வாங்கிய கடன்.

அவிந்த உலைக்கும் நிலைத்த கிடங்கிற்கும் ஒருசேர வாரிசுகள் நாம். தலைமுறைகள் கடந்தும் மட்காத பொருளுக்கு ஆலை கட்டுகிறவர்கள் ஓராண்டு பொறுப்பதால் எதுவும் கெட்டுவிடாது. அந்த ஓராண்டில் சுற்று ஊர்களின் குப்பையை எடைபோட்டு, எந்த வகை எவ்வளவு, அதைக் கொண்டுவருவோர்க்கு என்ன கூலி என்று அறிந்தபின் அடிக்கல் நாட்டட்டும்.