தடை வேறு, அறிவிப்பு வேறு

பணி நியமன ஆணையோடு கையொப்பத்துக்கு வைக்கப்படும் விதிகளில் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும்: அலுவலகக் கணினியையும் இணைய வசதியையும் சொந்தக் காரியங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஊழியர் கையொப்பமிடுகிறார், கோப்பு மூடப்படுகிறது. பிறகு ஒரு நாள், அவர் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார், யாருக்கு என்ன எழுதினார் என்ற பட்டியல் தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து மனிதவளப் பிரிவின் மேசைக்கு வருகிறது. அதை இணைத்துக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாராகிறது. இந்த நடைமுறையில் ஒரு படி விடுபட்டிருப்பதை மனிதவள அலுவலர்களான நம்மில் பலர் கவனிப்பதில்லை. சொந்தப் பயன்பாடு கூடாது என்று ஊழியரிடம் சொன்னோம். அவருடைய பயன்பாட்டைப் பார்ப்போம், இன்ன அளவுக்குப் பார்ப்போம், இன்ன காரணத்துக்காகப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. முதலாவதைச் சொன்னாலே இரண்டாவதையும் சொன்னதாகிவிடும் என்ற எண்ணம் நம் துறையில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் நியாயத்துக்கும் பொருந்தாது, நல்ல நிர்வாகத்துக்கும் பொருந்தாது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக வெளிக்கொண்டு வந்தது ருமேனியாவில் எழுந்த ஒரு வழக்கு. புக்கரெஸ்ட் நகரின் தனியார் நிறுவனம் ஒன்றில் 2004 முதல் விற்பனைப் பொறியாளராக இருந்தவர் பார்புலெஸ்கு. வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் தொடங்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டதே நிறுவனம்தான். கணினி, தொலைபேசி, நகல் எந்திரம் எதையும் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அங்கே விதி. கண்காணிப்பு பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. 2007 ஜூலையில், சொந்தப் பயன்பாட்டுக்காக வேறோர் ஊழியர் நீக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி, ஊழியர்களின் வேலையை மேற்பார்வையிடுவது நிறுவனத்தின் கடமை என்று பொதுப்படையாகச் சொல்லும் சுற்றறிக்கை ஒன்று கைமாறியது. ஜூலை 5 முதல் 13 வரை பார்புலெஸ்குவின் செய்திகள் அப்போதைக்கப்போதே பதிவு செய்யப்பட்டன. 13ஆம் தேதி அழைத்துக் கேட்டபோது, அலுவலக வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு அவர் முன் வைக்கப்பட்டது 45 பக்க அச்சுப் பிரதி. சகோதரரோடும் மணமுடிக்கவிருந்த பெண்ணோடும் அவர் பேசியவை, அந்தரங்கமானவையும் சேர்த்து, அதில் இருந்தன. ஆகஸ்ட் 1 அன்று வேலை போயிற்று. சுற்றறிக்கையில் அவர் கையொப்பமிட்டது கண்காணிப்பு தொடங்கும் முன்பா, பின்பா என்பதைக்கூட உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயவில்லை.

ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, ருமேனியா அவருடைய உரிமையைக் காக்கத் தவறவில்லை என்று 2016 ஜனவரியில் முடிவு சொன்னது. ஆனால் 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் பேரமர்வு, 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. கண்காணிப்பு பற்றி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டதா, எவ்வளவு தூரம் ஊடுருவியது, அதற்குத் தக்க காரணம் உண்டா, இதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா, கிடைத்த தகவலை வைத்து ஊழியரை என்ன செய்தார்கள், அவருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்ற ஆறு கேள்விகளை நீதிமன்றங்கள் கேட்டாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நம் துறைக்கு இவற்றில் முதல் இரண்டும் மிக முக்கியம். இத்தனை செய்திகள், இத்தனை மணிக்குப் போயின என்று அறிவது ஒன்று. அவற்றுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது முற்றிலும் வேறொன்று. இரண்டாவதற்குப் பல மடங்கு வலுவான காரணம் வேண்டும். ஊழியர் விதியை மீறினார் என்பதைப் பேரமர்வு மறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விதியை மீறியவருக்கும் தனிவாழ்வு உண்டு, முதலாளியின் ஆணையால் அதை அடியோடு இல்லாமல் ஆக்கிவிட முடியாது என்றுதான் அது சொன்னது.

அந்த நீதிமன்றம் பின்பற்றும் ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை நம்மைக் கட்டுப்படுத்தாது என்று உடனே பதில் வரும். உண்மைதான். பேரமர்வின் தீர்ப்புக்கு 12 நாள் முன்பு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முதன்மையாக அரசை நோக்கியது. தனியார் நிறுவனத்துக்கும் அதன் ஊழியருக்கும் இடையே நிற்க வேண்டியது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்தும் சட்டப் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவருடைய ஒப்புதல் இல்லாமலே கையாளலாம் என்கிறது. சட்டத்தின் 5ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்போ ஒப்புதலோடு பிணைக்கப்பட்டது. ஒப்புதல் தேவையில்லாத இடத்தில் அறிவிப்பும் தேவையில்லாமல் போகிறது. தன்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறியும் 11ஆம் பிரிவின் உரிமையும் ஒப்புதல் தந்தவர்களுக்கே. ஒரே ஒரு முறை பொருள் வாங்க வந்த வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் உரிமை, அதே நிறுவனத்தில் பல்லாண்டு உழைத்தவருக்கு இல்லை. இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. சட்டம் கேட்காததைச் செய்ய நாம் ஏன் முன்வர வேண்டும் என்று கேட்கலாம். சட்டம் கேட்காததாலேயே முழுப் பொறுப்பும் மனிதவள அலுவலர்கள் மேல் விழுகிறது என்பது எங்கள் பதில். ஊழியருக்கு முன்கூட்டிச் சொல்ல வேறு யாரும் இல்லை.

சொல்வதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. தன் நிறுவனத்தின் கருவிகள் எதைப் பார்க்கின்றன என்று மனிதவளப் பிரிவு அறியாமலிருப்பது அபூர்வமல்ல. ஃபயர்வாலின் சாதாரணப் பதிவேடு, எந்தக் கணினி எந்தத் தளத்துக்கு எப்போது போனது என்பதோடு நின்றுவிடும். ஆனால் அலுவலக லேப்டாப்பில் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழை நிறுவி, மறையாக்கம் செய்யப்பட்ட இணையப் போக்குவரத்தை நடுவில் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால், ஊழியர் தன் வங்கித் தளத்தில் உள்ளிடுவதும், மருத்துவமனைத் தளத்தில் படிப்பதும் கொள்கையளவில் நிறுவனத்தின் பார்வைக்கு வந்துவிடும். வங்கி, மருத்துவம் போன்ற வகைகளை இந்தச் சோதனையிலிருந்து விலக்கிவைக்கும் வசதி இத்தகைய கருவிகளில் உண்டு. அதை இயக்கச் சொல்லி யாராவது கேட்க வேண்டும். இதற்கும் மேலே போய், கணினிக்குள்ளேயே அமர்ந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும், விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவதுமான மென்பொருள்களும் சந்தையில் உள்ளன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் திரையில் இவை எடுக்கும் படத்தில் அலுவலகம் மட்டும் இருக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி உள்ளகப் புகார்க் குழுவுக்கு ஒருவர் எழுதும் கடிதம், அனுப்பும் முன்பே மேலாளர் ஒருவரின் கண்ணில் பட்டுவிடலாம். அந்தப் புகாரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்பது இத்தகைய துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நம்முடைய கருவியே அதை மீறும் வழியாகிவிடக் கூடாது.

கணினி நிறுவனத்துடையது, இணைப்பு நிறுவனத்துடையது, நேரமும் நிறுவனம் கூலி கொடுத்து வாங்கியது. ஆகவே பார்க்க உரிமை உண்டு என்பது நாம் அடிக்கடி கேட்கும் முதல் மறுப்பு. பொருளின் உடைமைக்கு மதிப்பு உண்டு. என்ன செய்யலாம், என்ன கூடாது என்று விதி வகுக்கவும், தளங்களைத் தடுக்கவும் உடைமை போதும். ஆனால் அந்தப் பொருளின் வழியாக ஓடும் மனித வாழ்வின் மேல் அது உரிமை தருவதில்லை. நிறுவனம் கட்டித் தந்த குடியிருப்பில் ஊழியர் வாழ்கிறார் என்பதற்காக மேலாளர் சாவி போட்டுத் திறந்து உள்ளே போவதில்லை. போதாததற்கு, வேலையும் வீடும் ஒன்றோடொன்று கலப்பதை நிறுவனங்களே விரும்பி ஏற்படுத்தியிருக்கின்றன. இரவு பத்து மணிக்கு அலுவலக மின்னஞ்சலுக்குப் பதில் எதிர்பார்க்கும் நிர்வாகம், பகல் பதினொரு மணிக்குப் பிள்ளையின் பள்ளிக்கு எழுதிய இரண்டு வரியைக் குற்றமாகக் காட்டுவது நேர்மையாகாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: தரவுக் கசிவு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் வங்கி, காப்பீட்டுத் தகவல்களைக் கையாளும் சென்னை, கோவை நிறுவனங்களுக்கு இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. அவற்றின் ஒப்பந்தங்களே கண்காணிப்பைக் கட்டாயமாக்கியிருக்கலாம். ஆனால் கசிவைத் தடுக்க வேண்டுவது என்ன என்று கேட்டுப் பார்த்தால், விடை பெரும்பாலும் தானியங்கி ஏற்பாடுகளில் முடியும். பெரிய கோப்புகள் வெளியே போகாமல் தடுப்பது, அட்டை எண்களைக் கண்டால் எச்சரிப்பது, சந்தேகத்துக்குரிய தளங்களை மூடுவது. இவற்றுக்கு எந்த மனிதரும் எவருடைய செய்தியையும் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை எழுந்த பிறகு, அந்த ஒரு நிகழ்வை மட்டும், எழுத்தில் பதிந்த காரணத்தோடு பார்க்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துவைப்பது பாதுகாப்பைக் குறைக்கவும் செய்யும். சேர்த்த தரவைக் காக்கத் தவறினால் 2023ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கக்கூடிய அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஒப்புதல் தேவையில்லை என்று சொன்ன 7ஆம் பிரிவு, பாதுகாக்கும் கடமையிலிருந்து நமக்கு விலக்குத் தரவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிட்டால் திருடன் உஷாராகிவிடுவான் என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமே 2019இல் லோபெஸ் ரிபால்தா வழக்கில் விடை சொல்லியிருக்கிறது. ஸ்பெயினில் பார்சிலோனா அருகே ஒரு பேரங்காடியில் சரக்கு இருப்புக்கும் விற்பனைக்கும் இடையே மாதாமாதம் பெரும் பற்றாக்குறை விழுந்துகொண்டிருந்தது. 2009 ஜூனில் அது 24,000 யூரோவைத் தாண்டியது. மேலாளர் கல்லாப்பெட்டிகளை நோக்கிச் சில கேமராக்களை ஊழியருக்குச் சொல்லாமல் பத்து நாள் பொருத்தினார். 14 பேர் வேலை இழந்தனர். உரிமை மீறல் இல்லை என்று பேரமர்வு 14க்கு 3 என்று தீர்ப்பளித்தது. கடுமையான முறைகேடு நடக்கிறது என்ற நியாயமான சந்தேகமும் கணிசமான இழப்பும் இருந்தன. கண்காணிப்பு குறுகிய காலத்துக்கும் பொதுமக்கள் வந்துபோகும் கல்லாப் பகுதிக்கும் உட்பட்டே நடந்தது. எனவே சொல்லாமல் பார்ப்பதற்கும் இடம் உண்டு, அது விதிவிலக்கு. நம்மிடையே விதிவிலக்குதான் அன்றாட வழக்கமாகியிருக்கிறது.

கடைசியாக, உற்பத்தித்திறன். ஊழியர் வேலை நேரத்தில் இணையத்தில் சுற்றுவதைத் தடுத்தால் வேலை பெருகும் என்ற நம்பிக்கையில்தான் இந்த மென்பொருள்கள் அதிகம் விற்கின்றன. சான்றுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. டேனியல் ராவிட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 94 மாதிரிகளை, சுமார் 23,000 பேரை உள்ளடக்கிய ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மின்னணுக் கண்காணிப்பு செயல்திறனை உயர்த்துகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மன அழுத்தம் சற்றுக் கூடுவதுதான் தெரிந்தது. வெளிப்படையாகவும் அளவோடும் கண்காணித்த இடங்களில் ஊழியர்களின் மனப்போக்கு மேலாக இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் ஒரு நில வணிக நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அந்நிறுவனத்தின் மென்பொருள், விசைப்பலகையும் மவுஸும் சில நிமிடம் அசையாவிட்டால் ஊழியர் சும்மா இருந்ததாகக் கணக்கெழுதியது. கூட்டத்தில் இருந்ததும், வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசியதும் அந்தக் கணக்கில் வேலை ஆகவில்லை. மறுபக்கம், விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதற்காக அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. அவர்கள் செய்தது ஏமாற்றுதான். ஆனால் விரல் அசைவை உழைப்பின் அளவுகோலாக வைக்கும் இடத்தில், விரல் அசைவை உற்பத்தி செய்யவே ஊழியர் கற்றுக்கொள்வார். ஒருவர் வேலை செய்கிறாரா என்பதை அவர் முடித்துத் தரும் வேலையை வைத்துச் சொல்ல முடியாத மேலாளருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்த அவகாசத்தை ஒப்புதல் படிவங்களைத் திருத்துவதில் மட்டும் செலவிட வேண்டாம் என்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம். உங்கள் நிறுவனத்தில் எந்தக் கருவி எதைப் பதிகிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது, யார் திறந்து பார்க்கலாம் என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளடக்கத்தைத் திறக்கும் அனுமதி ஒருவர் கையில் மட்டும் இல்லாமல், மனிதவளப் பிரிவும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் என்று ஆக்குங்கள். பிறகு அதையெல்லாம் ஊழியருக்கு அவர் படிக்கக்கூடிய தமிழிலோ, அவர் அறிந்த வேறு மொழியிலோ, ஒரே பக்கத்தில், முதல் பதிவு தொடங்கும் முன்பே கொடுங்கள். பழைய ஊழியர்களுக்கும் கொடுங்கள்; அவர்கள் கையொப்பமிட்ட விதியில் இது இல்லை.