பின்னலும் சுருளும்

தமிழாசிரியன் ஒருவன் பெண்பிள்ளைகளின் கூந்தலைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையோ?" என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் இவ்வாரம் நான் எழுதுவது என் தவறொன்றுக்குக் கழுவாய், ஆதலின் பொறுத்தருள்க.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்த புதிதில், நயினாதீவிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். இயல்பாகவே சுருண்ட கூந்தல் அவளுக்கு. இரட்டைப் பின்னல் பின்னியிருப்பினும், நெற்றியிலும் காதோரத்திலும் சுருள்கள் பிரிந்து ஆடும். ஒருநாள் வகுப்பு முழுவதும் கேட்க, "பிள்ளை, தலையை ஒழுங்காய் இழுத்துக்கொண்டு வரத் தெரியாதா?" என்று கடிந்தேன். அவள் தலை குனிந்து, "காலமை அம்மா வடிவாய்ப் பின்னித்தான் விட்டவ, சேர். கடலிலைதான் கலைஞ்சு போச்சு" என்றாள். சாட்டுச் சொல்கிறாள் என்று எண்ணி அமரச் செய்தேன்.

மறுநாள் எண்ணெய் வழிய, புருவம் மேலேறும்படி இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்தாள். ஒழுங்கை நிலைநாட்டிவிட்டேன் என்று உள்ளூர மகிழ்ந்தேன். அன்று முதல் அவள் என் வகுப்பிலே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

அவ்வாண்டு ஆனி மாதத்திலே நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் சென்றேன். நயினாதீவுக்குப் பாலம் இல்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேற வேண்டும். சோளகக் காற்று வீசும் காலம். கரையேறியதும் தேநீர்க்கடைக் கண்ணாடியிலே என் முகத்தைக் கண்டேன். படிய வாரியிருந்த தலை, குருவிக்கூடு போல் நின்றது! நாள்தோறும் இருமுறை அக்கடலைக் கடந்த சிறுமியையன்றோ நான் நாணச் செய்தேன்?

அதே தவணையில் நான் கற்பித்த பாடமொன்றில் 'ஐம்பால்' என்னும் சொல் வந்தது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐவகையாய் ஒப்பனை செய்யப்படுதலின் கூந்தலுக்கு அப்பெயர் வந்தது என்பர். இவற்றுள் குழல் என்பது சுருட்டி முடித்தல். பனிச்சை என்பது பின்னி விடுதல். பின்னலையும் சுருளையும் ஒரே சொல்லுக்குள் ஒருங்கே வைத்துப் போற்றியது நம் மொழி. அதனைக் கரும்பலகையில் எழுதிய கையாலேயே பின்னல் ஒன்றே ஒழுங்கு என்று சுட்டினேன். கற்றதும் நின்றதும் வேறு வேறாயின.

அறிவியலும் அம்மாணவியின் பக்கமே நிற்கிறது. மயிர், கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. மயிர் முளைக்கும் குழி வளைந்திருப்பின் கூந்தல் சுருளும். அது பிறப்பின் வழி வருவது, சோம்பலின் வழி வருவதன்று. மயிரிலுள்ள ஐதரசன் பிணைப்புகள் நீர் பட்டால் நெகிழ்ந்து, உலரும்போது அவ்வேளையிலுள்ள வடிவிலேயே மீண்டும் இறுகும். கடற்காற்றின் ஈரப்பதன் அவற்றை மறுபடியும் நெகிழ்த்தும். ஆகவே இழுத்து நீட்டிய சுருட்டை மயிர் தன் சுருளுக்கே திரும்புகிறது.

கந்தகப் பிணைப்புகளோ நீருக்கு அசையா. அவற்றை மாற்ற இரசாயனப் பொருள் வேண்டும். லண்டனில் நிலையான சுருளைச் செய்து காட்டிய ஜேர்மானியர் கார்ல் நெஸ்லர், முதற் சோதனைகளில் தம் மனைவியின் கூந்தலையே கருக்கிவிட்டார். அழகுக்காக அவ்வம்மையார் கொடுத்த விலை அது!

சென்ற ஆனியிலே குறிகட்டுவான் துறையில் அதே மாணவியைக் கண்டேன். இப்போது அவள் ஒரு தாய். அவளுடைய சிறு மகளின் உச்சியிலிருந்து தளர்வான பின்னலொன்று இறங்க, எஞ்சிய கூந்தல் மென்சுருள்களாய்த் தோளில் தவழ்ந்தது. மகளுக்குத் தகப்பன் வழி நேர்மயிராம். சுருள் வந்த விதத்தை வினவினேன். மாலையில் தலை முழுகவார்த்து, கூந்தல் அரைகுறையாய் உலர்ந்ததும் நான்கைந்து பின்னலாகப் பின்னிவிட்டு, நன்கு உலர்ந்தபின் காலையில் அவிழ்த்து, சீப்பிடாமல் விரலாலேயே கோதிவிட வேண்டுமாம். பின்னல்கள் கூடினால் சுருள் சிறுக்கும், குறைந்தால் பெருகும். ஈரம் எஞ்சியிருக்க அவிழ்த்தால் சுருள் நில்லாது. சூட்டுக்கோலும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

"இறுக்கிப் பின்னுறேல்லை, சேர். எனக்கு நெத்தியோரம் மயிர் கொட்டினது காணும்" என்றாள். நாள்தோறும் இறுக்கி இழுத்தால் மயிர்வேர் நலிந்து, நெற்றியோரம் வழுக்கை விழும் என்பதை மருத்துவரும் கூறுவர். அவள் முன்நெற்றியை நான் நிமிர்ந்து நோக்கவில்லை.

"அன்று நான் சொன்னது பிழை, பிள்ளை" என்றேன். இருபது ஆண்டு சுமந்த சொல். படகின் இரைச்சலில் அவள் செவியில் விழுந்ததோ என ஐயுற்றேன். அவள் முறுவலித்து, "கடலிலை கலைஞ்சாலும் இவளுக்கு வடிவுதான், சேர்" என்று மகளைக் கைப்பிடித்துப் படகில் ஏற்றினாள்.

பாடசாலைக்கு ஒழுங்கு வேண்டும். இரட்டைப் பின்னலும் வேண்டியதே. ஆனால் கலைந்த தலையொன்றைக் காணும் ஆசிரியர், கடிந்துரைக்குமுன், அப்பிள்ளை எந்தக் கடலைக் கடந்து வந்தது என்று ஒருமுறை கேட்டறிதல் நன்று.