மணல் நம் கரையில், மூளை எவர் கையில்?

தோழனே!

இராமநாதபுரத்துக் கரையோர வீடுகள் சிலவற்றின் சுவரிலே, சிறு பெட்டியொன்று தொங்கக் கண்டிருப்பாய். தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழை அதனுள் நுழைகிறது. உள்ளே நகத்தளவுச் சில்லொன்று வீற்றிருக்கிறது. கடல்மேற் சென்றவனுக்காகக் காற்றின் போக்கறிய விழையும் மனைவிக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அதுவே வாயிற்காவலன்.

அதன் வேலையைக் கேள், வியப்பாய்! நிலையத்திலிருந்து புறப்படும் ஒளி, வழியிலே 32 கிளையாகவும் 64 கிளையாகவும் பிரிகிறது. எல்லார் வீட்டுச் செய்தியும் எல்லார் வீட்டுக்கும் வருகிறது! ஒவ்வொரு சில்லும் தன் வீட்டு மடலை மட்டும் பூட்டுத் திறந்து எடுக்கிறது. அயலான் மடலைத் தொடுவதில்லை. மறுமொழி கூறவோ, முறை வைத்துப் பேசவேண்டும். ஒரு கிலோமீட்டர் இழையைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு ஆகிறது. நிலையம் அந்தக் காலத்தைக் கொண்டே வீட்டின் தொலைவை அளந்து, 'இந்த நொடியில் நீ' என்று கட்டளையிடுகிறது. ஒரு வீடு முறை தவறினால் தெருவே ஊமை! மேடையேறும் எங்களுக்கு அந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை.

இத்துணைக் கூர்மதி கொண்ட பொருளை வடிப்போர் யார்? பிராட்காம் அமெரிக்காவினது. மீடியாடெக்கும் ரியல்டெக்கும் தைவானுக்குரியவை. சில்லின் மூலப்பொருளாம் சிலிக்கானோ மணலிலே உறைவது. (தனுஷ்கோடி மணலை அள்ளி உலையிலிட்டால் சில்லு வந்துவிடும் என்று கருதிவிடாதே, அதற்கு வேண்டியது தூய படிகக்கல், அதனினும் தூய தொழிற்கலை.) முத்தும் சங்கும் உலகுக்கு ஈந்த கரை, இன்று நகத்தளவுப் பொருளுக்கு அயலாரை நோக்கி நிற்கிறது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல், பாம்பன் பாலத்தையும் முறித்தது. கடலில் வீழ்ந்த உத்தரங்களை மீட்டுப் பொருத்தி, ஸ்ரீதரன் தலைமையிலே 46 நாளில் பாலத்தை எழுப்பினர். 2021-இல் சில்லுப் பஞ்சம் வந்தது. இணையப் பெட்டி செய்வோர் சிலருக்கு, '60 வாரம் பொறுத்திரு' என்று விடை கிடைத்தது! முறிந்த பாலத்துக்கு 46 நாள். வாராத சில்லுக்கு 60 வாரம்!

நமக்கு அறிவில்லையா? 2018-இல் சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி' செயலியை வடித்தது. ஒன்று சண்டிகரிலே 180 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. 22 நானோமீட்டர் என்றதும் அமெரிக்காவின் ஆரிகனுக்கு அனுப்ப நேர்ந்தது. 2024-இல் குசராத்தின் தொலேராவில் 28 நானோமீட்டர் வரை வார்க்கும் ஆலைக்கு அடிக்கல் நாட்டினர். வீட்டுப் பெட்டிச் சில்லுக்கு அது போதும்!

ஆலை எழட்டும், வடிவம் எவருடையது? சென்னையிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் வடிக்கும் சில்லுகள் பல, அயல்நாட்டு முத்திரையோடு திரும்பி வருகின்றன. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு இழை கொண்டுசெல்லத் திட்டம் தீட்டியவர்கள் நாம். பெட்டி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியிலே, 'இதன் சில்லை வடித்தவர் யார், அவ்வடிவத்துக்கு உரியவர் யார்' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை? விலை கூடும் என்பர். முதல் சில ஆண்டுகள் கூடத்தான் செய்யும். அதற்கென்ன தொகை என்று கணக்கிட்டு, சட்டமன்றத்திலே வைக்கட்டும், விவாதிப்போம்.