பதினோராவது மாசத்துல அவசரப்படாதீங்க!

கேன்டீன்ல கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியா ஓடுற டாபிக், ஷேர் மார்க்கெட்தான். 'எதை வாங்கலாம்?'னு கேட்டா ஆளுக்கொரு டிப்ஸ் தருவாங்க. 'எப்போ விக்கலாம்?'னு கேட்டுப் பாருங்க... கூட்டம் கலைஞ்சிடும்! ஆனா, வரி விஷயத்துல அந்தத் தேதிதான் ஹீரோ.

மார்க்கெட்டில் லிஸ்ட் ஆன கம்பெனி ஷேரை 12 மாதத்துக்குள் விற்றால், லாபத்துக்கு 20 சதவிகித வரி. 12 மாதம் தாண்டினால் 12.5 சதவிகிதம்தான். அதிலும், வருஷத்துக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி கிடையாது. 2024 ஜூலை பட்ஜெட் கொண்டுவந்த கணக்கு இது.

வேற வருமானம் இல்லாத நமக்கு அடிப்படை விலக்கு வரம்பே பெரிய குடை. சிக்கல், வீட்ல சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான். உங்க ஃபீஸுக்காக அப்பா ஷேரை விக்கிறார்னு வெச்சுக்குவோம். லாபம் 80,000 ரூபாய். பதினோராவது மாசத்துல வித்தா வரி 16,000, செஸ் 640. அதே விலைக்கு 12 மாசம் தாண்டி வித்தா, அந்த வருஷம் வேற நீண்டகால லாபம் இல்லேன்னா... ஜீரோ!

அடுத்த தேதி, மார்ச் 31. அந்த 1.25 லட்சம் வரம்பை இந்த வருஷம் பயன்படுத்தலேன்னா, அடுத்த வருஷத்துக்குச் சேராது. அதனால, வருஷம் தாண்டின ஷேரை மார்ச்சுக்குள் வித்து, மறுநாள் திரும்ப வாங்கறவங்க உண்டு. வாங்கின விலை ஏறிடும், பின்னாடி வரி குறையும். முழுக்க முழுக்க சட்டப்படிதான் பாஸ்! புரோக்கரேஜ் செலவை மட்டும் கழிச்சுப் பாருங்க. புதுசா வாங்கினதுக்கு 12 மாசக் கணக்கும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

நஷ்டமா? அதுவும் உதவும். குறுகியகால நஷ்டத்தை ரெண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். மிச்சத்தை 8 வருஷம் வரை கொண்டுபோகலாம். ஆனா, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்கணும். 'நஷ்டம்தானே, எதுக்கு ரிட்டர்ன்?'னு விட்டா அந்தச் சலுகை போச்சு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வரியை மிச்சம் பிடிக்கக் காத்திருக்கிற மாசத்துல விலை சரிஞ்சா, மிச்சம் பிடிச்சதைவிட அதிகம் போயிடும். கம்பெனியே சரியில்லேன்னா காலண்டர் பார்க்காதீங்க.

பல தடவையா வாங்கியிருந்தா, டீமேட்ல முதல்ல வந்த ஷேர்தான் முதல்ல வித்ததா கணக்கு. அதனால, ஃபீஸ் கட்ட ஷேரை விக்கலாம்னு வீட்ல பேச்சு வந்தா, முதல்ல வாங்கின தேதியைக் கேளுங்க!