தைலம் குளிரும், நோய் தீருமா?

170-வது விதி போன பிறகு நமக்கு மிஞ்சியிருப்பது என்ன?

- நமது நிருபர்

மும்பை:

குர்லாவில் இருந்து கல்யாண் வரை மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்களுக்குப் பெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாள்கள் மனப்பாடம். மூட்டு வலி, மூலம், சர்க்கரை, ஆண்மைக் குறைவு என எல்லாவற்றுக்கும் அங்கே மருந்து உண்டு. இப்போது அதே விளம்பரம் கைபேசியிலும் வருகிறது. அதுவும் நம் தமிழிலேயே வருகிறது.

இத்தகைய விளம்பரங்களுக்குக் கடிவாளமாக இருந்த ஒரு விதி இன்று இல்லை. அதைப் பற்றி நம்மவர்களிடையே அதிகம் பேச்சில்லை. ஆனால் அதன் விளைவு நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது.

இரண்டு விரல்கள் போயின

தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை இந்த நிருபர் அறிவார். சர்க்கரை வியாதிக்காக மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். இரவில் பாதம் எரியும். கைபேசியில் பார்த்து ஒரு தைலம் வரவழைத்தார். கூடவே ஒரு சூரணமும் வந்தது.

தைலத்தைத் தேய்த்த அன்றே எரிச்சல் அடங்கியது. "இங்கிலீஷ் மாத்திரை இனி வேண்டாம் அண்ணாச்சி" என்றது போனில் பேசிய குரல். அவரும் நிறுத்தி விட்டார். மூன்றாவது மாதம், செருப்பு கடித்த புண் ஆறாமல் அழுகியது. இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவரை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. தைலம் வேலை செய்ததை அவர் கண்கூடாகக் கண்டார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குளிர்ச்சி வேறு, குணம் வேறு

பெரும்பாலான வலி தைலங்களில் மெந்தால், கற்பூரம், நீலகிரி தைலம் ஆகியவை இருக்கும். மெந்தால், தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. தோல் உண்மையில் குளிர்வதில்லை. குளிர்ந்ததாக மூளைக்குச் செய்தி போகிறது. அதில் எரிச்சலும் வலியும் சற்று நேரம் அமுங்குகின்றன. ரத்தத்தில் உள்ள சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தைலம் தேய்ப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. நாள் முழுதும் மூட்டை தூக்கியவருக்கு இதமாகப் பிடித்துவிட்டால் முதுகுவலி தற்காலிகமாகக் குறையும். பெரிய கடைகளில் 'அரோமா தெரபி' என்ற பெயரில் விற்கும் லாவெண்டர் மணம் சிலருக்குப் படபடப்பைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. ஜலதோஷத்துக்கு வேது பிடிப்பது நம் வீட்டு வழக்கம். இவை எல்லாம் சுகம் தருபவை. சுகத்தைக் காட்டி, நோயே தீர்ந்தது என்று விற்பதுதான் குற்றம்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். கற்பூரமும் நீலகிரி தைலமும் வாய்க்குள் போகக் கூடாதவை. ஒரு சிறு கரண்டி அளவு உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

விதி வந்த கதையும் போன கதையும்

1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 170-வது விதி 2018 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு விளம்பரம் செய்ய விரும்பும் கம்பெனி, மாநில லைசென்ஸ் அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துத் தனி எண் பெற வேண்டும் என்பது அதன் சாரம். தவறான விளம்பரம் வெளியே வருமுன் தடுக்கும் ஏற்பாடு அது.

2023 ஆகஸ்டு 29-ந் தேதி, இந்த விதியின் கீழ் நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவ சங்கம் 2022-ல் தொடுத்த வழக்கு அப்போது சுப்ரீம் கோர்ட்டில் இருந்தது. அந்த வழக்கில்தான் 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் பத்திரிகைகளில் பகிரங்க மன்னிப்பு வெளியிட நேர்ந்தது.

2024 ஜூலை 1-ந் தேதி அமைச்சகம் விதியையே நீக்கியது. ஆகஸ்டு 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதற்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டு 11-ந் தேதி வழக்கு முடித்து வைக்கப்பட்டது. அத்துடன் தடையும் முடிந்தது. சர்க்கார் நீக்கிய விதியைக் கோர்ட்டு உயிர்ப்பிக்க இயலாது என்பது நீதிபதிகள் கூறிய காரணம்.

மருந்து தயாரிக்கவே லைசென்ஸ் வாங்குகிறோம், விளம்பரத்துக்கும் தனி அனுமதியா என்று தயாரிப்பாளர் தரப்பில் கேட்கிறார்கள். ஆனால் பழைய வைத்திய நூல்களில் உள்ள மருந்துக்கு லைசென்ஸ் பெற, அது நோயைத் தீர்க்கிறது என்று புதிதாகச் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை. லைசென்ஸ் எண்ணைக் காட்டி, 'சர்க்கார் அங்கீகரித்தது. சர்க்கரை தீரும்' என்று விற்கும்போது, படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இன்னும் உயிருள்ள சட்டம்

காவல்காரர் போனாலும் சட்டம் போகவில்லை. 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் அமலில் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், காசநோய், பக்கவாதம், வாத நோய் உள்ளிட்ட 54 நோய்களும் கோளாறுகளும் அதன் அட்டவணையில் உள்ளன. இவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்தால் முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஓராண்டு வரை சிறை.

விளம்பரம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் மிக விரிவானது. நோட்டீஸ், லேபிள், உறை ஆகியவற்றோடு வாயால் சொல்வதும், ஒளி, ஒலி, புகை வழியாக அறிவிப்பதும் அதில் அடங்கும். ஆகவே ரயில் பெட்டித் துண்டுத்தாளும் தப்பாது. கைபேசிப் படமும் தப்பாது. புட்டியில் இருப்பது வாசனை எண்ணெயே ஆனாலும், நோயைத் தீர்க்கும் என்று சொன்னதுமே சட்டத்தின் கண்ணில் அது மருந்துதான். இது போலீசார் நேரடியாக வழக்குப் பதியக் கூடிய குற்றமுங்கூட.

நாம் செய்யக் கூடியது

இந்தப் புகார்களுக்கென்று தனி ஏற்பாடு செய்யும்படி 2025 மார்ச் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதற்கு 2 மாத அவகாசம் கொடுத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம். லேபிளையும் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். கைபேசி விளம்பரத்தைத் தேதியுடன் படம் பிடித்து வையுங்கள்.

ஆனால் விளம்பரம் தமிழில் வருகிறது. புகாரை எல்லா இடத்திலும் தமிழில் சொல்ல முடிவதில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. டாக்டர் பேசுவது பாதிதான் புரிகிறது. போனில் பேசுகிற குரலோ 'அண்ணாச்சி' என்று அழைக்கிறது. நம்மவர் அதன் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் மாதம் ஒரு நாள் உட்கார்ந்து இந்தப் புகார்களை எழுதிக் கொடுத்தால் பெரிய உபகாரமாக இருக்கும். சர்க்காரும், நீக்கிய விதிக்குப் பதிலாக வேறொரு முன்தடுப்பை ஏற்படுத்தியே தீர வேண்டும்.

தாராவி அண்ணாச்சி இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் தைலமும் தேய்த்துக் கொள்கிறார். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஒன்றை விட்டதுதான் பிசகு என்கிறார்.