கேமரா ரிப்பேரும் எழுநூறு ரூபாயும்

போன மாதம் பழைய கேமரா ஒன்றை ரிப்பேர் செய்ய 3,800 ரூபாய் கொடுத்தேன். இதைக் கேட்ட என் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, உங்க போன்லயே இதைவிட நல்ல படம் வருமே" என்றான். வரும். அதில் எனக்குச் சண்டையே இல்லை. சாயங்கால இருட்டில் பேத்தி ஓடுவதைக்கூடப் போன் பிடித்துவிடுகிறது. என் கேமராவில் எடுத்தால் ஏதோ ஒரு வெள்ளைப் புகை வாசலைத் தாண்டிப் போவது போலத்தான் விழும். ஆனாலும் அந்தப் பணம் கொடுத்தது சரி என்பதுதான் என் கட்சி. இன்னும் சொல்லப்போனால், குறைவாகக் கொடுத்துவிட்டேன்.

கேமரா யாஷிகா மேட் 124ஜி. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டி. மூடியைத் திறந்து, வயிற்றோடு அணைத்துப் பிடித்து, குனிந்து பார்க்க வேண்டும். 120 பிலிம், ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். நம் வயதுக்காரர்கள் பலருக்கு முதல் கேமரா ஆக்ஃபா க்ளிக் 3 ஆக இருந்திருக்கும். எனக்கும் அதுதான். அதில் வெயில், மேகம் என்று இரண்டு படம் போட்டிருக்கும், வேறு ஒன்றும் திருப்ப வேண்டாம். அங்கிருந்து யாஷிகாவுக்கு வந்தது எனக்கு சைக்கிளிலிருந்து புல்லட்டுக்கு மாறியது மாதிரி. 1977-இல் பர்மா பஜாரில், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, வெயிலில் நின்று ஒன்றரை மணி நேரம் பேரம் பேசி, கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன். அம்மா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருஷம் தங்கைக்குக் கல்யாணம், மாயவரத்தில். ஸ்டுடியோக்காரர் கேட்ட தொகை எங்கள் கைக்கு எட்டவில்லை. நானே எடுத்தேன். நாலு ரோல், நாற்பத்தெட்டுப் படம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிம். (அந்தத் தொழிற்சாலையும் இன்று இல்லை. அது தனிக் கதை, இன்னொரு நாள்.) தாலி கட்டும் நேரத்தில் யாரோ ஒரு பெரியவர் குறுக்கே வந்துவிட்டார். அந்தப் படத்தில் அவர் முதுகுதான் பிரமாதமாக விழுந்திருக்கிறது. ஆல்பம் தங்கையிடம் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டது. நெகடிவ் மட்டும் என் பீரோவில் ஒரு கவரில் கிடந்ததால் பிழைத்தது. மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன தீபாவளிக்குத் தங்கை வந்திருந்தபோது, "அண்ணே, அந்தப் பெட்டி கேமராவுல என்னை இன்னொரு தடவை எடேன்" என்றாள். அப்போதுதான் அதைப் பீரோவிலிருந்து இறக்கினேன். இருபது வருஷத்துக்கு மேல் தொடவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் வருஷம் தவறாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூ போட்டு, திரும்ப உள்ளே வைத்துவிடுவோம்.

பட்டனை அழுத்தினால் ஷட்டர் பாதி திறந்து அப்படியே நின்றது. இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். பழைய ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சில் செலக்டர்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்ட கை. இந்தச் சின்னப் பெட்டி எம்மாத்திரம் என்று, வீட்டில் இருந்த தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டேன். விட்டதும் நன்றாக ஓடியது. மறுநாள் மொத்தமாக ஒட்டிக்கொண்டது. அந்த ஷட்டருக்குள் இருப்பவை காகிதம் மாதிரி மெல்லிய இரும்பு இதழ்கள். அவை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் பிறகு ரிப்பேர்க்காரர் சொல்லித்தான் தெரியும். உங்களில் ரிட்டயர்டு மெக்கானிக்குகள் யாராவது இருந்தால், தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். இன்டர்நெட்டில் வீடியோ பார்த்துவிட்டும் எடுக்காதீர்கள்.

முதலில் ஒரு பெரிய கடையில் கொடுத்தேன். ஐந்து மாதம் வைத்திருந்து, "பார்ட்ஸ் கிடைக்கலை சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ குறைந்திருந்தது. திறந்து பார்த்தார்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கடைசியில் ஒரு கல்யாண போட்டோகிராபர் சொல்லி, திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாயிடம் போய்ச் சேர்ந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். பெயர்ப் பலகை கிடையாது. மேஜை மேல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஸ்க்ரூ, ஸ்பிரிங், உடைந்த லீவர். சுவரில் மெக்கா படம், அதன் கீழே ஒரு டஜன் செத்த கேமராக்கள்.

அவர் முதலில் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு செகண்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு டார்ச்சை லென்ஸுக்குள் அடித்து, "பூஞ்சை இருக்கு சார், பாருங்க" என்று என்னையும் பார்க்கச் சொன்னார். சிலந்தி வலை மாதிரி ஒரு ஓரத்தில் படர்ந்திருந்தது. "லெதர் கேஸ்ல போட்டு வெச்சீங்களா?" ஆமாம். நாற்பத்தைந்து வருஷமாக அதைப் பத்திரம் என்று நினைத்துத்தான் வைத்திருந்தேன். மெட்ராஸ் புழுக்கத்தில் தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது என்றார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைக்க வேண்டுமாம். அதோடு மாதம் ஒரு தடவை எடுத்து, பிலிம் இல்லாமலாவது நாலு தடவை ஷட்டரை ஓட்ட வேண்டும். "மனுஷன் மாதிரிதான் சார், படுத்தே கெடந்தா பிடிச்சுக்கும்."

4,500 ரூபாய் கேட்டார். எனக்குப் பழக்கம் விடவில்லை. "பார்ட்ஸ் எதுவும் மாத்தப் போறதில்லையே பாய், க்ளீனிங்தானே" என்று ஆரம்பித்தேன். 3,800-க்கு ஒத்துக்கொண்டார். ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை.

பத்து நாள் கழித்துப் போனபோது வேலை இன்னும் முடியவில்லை, உட்காருங்கள் என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்கம் முழுவதும் கழற்றி, கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு வெள்ளைக் காகிதத்தில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் படம் போட்ட மாதிரி வைத்திருந்தார். நான் விட்ட எண்ணெயை ஒவ்வொரு இதழாக வெள்ளைப் பெட்ரோலில் கழுவி ஏற்கெனவே எடுத்தாயிற்று. அன்று மெதுவான வேகங்களுக்கான குட்டிப் பல்சக்கரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் வைக்கும் பூதக்கண்ணாடி. கை லேசாக நடுங்கியது. ஆனால் ஸ்க்ரூ தலையில் முனை பட்டதும் நடுக்கம் நின்றுவிடும், எடுத்ததும் திரும்ப வரும். நடுவில் ஃபோகஸ் திருகிலிருந்து சிவப்பாகக் கொஞ்சம் தூளைத் தட்டிக் காட்டினார். இருபது வருஷ ஆயுத பூஜைக் குங்குமம். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பேச்சுவாக்கில் கேட்டேன். மகன் மொபைல் ஷோரூமில் வேலை. இந்த வேலை கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. இப்போது கொஞ்சம் காலேஜ் பையன்கள் பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். ஆனால் அவர்களுக்கும் ரிப்பேர் வேண்டுமே தவிர ரிப்பேர்க்காரர் ஆகும் ஆசை இல்லை. இல்லாததில் என்ன ஆச்சரியம்? பத்து நாள் வேலைக்கு 3,800 என்று என்னைப் போன்றவர்கள் பேரம் பேசினால் எந்தப் பையன் வந்து உட்காருவான்?

இதில்தான் நம் புத்தி எனக்குப் புரியாமல் இருக்கிறது. பொருளுக்குக் கொடுக்கும் பணம் நமக்கு உறுத்துவதில்லை, கைக்குக் கொடுப்பதுதான் உறுத்துகிறது. ஒரு புது ஸ்பிரிங்கைக் காட்டி "இது ரெண்டாயிரம்" என்று அவர் பொய் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன். இரண்டு சொட்டு எண்ணெயை எடுக்கத் தெரிந்ததற்கு அதே இரண்டாயிரம் என்றால் "க்ளீனிங்தானே" என்கிறேன். போன மாதம்தான் குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு 4,200 ரூபாய் பில்லைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன். சாப்பாடும் சுமார்தான்.

இதைச் சொன்னால், ரிப்பேர் செய்யும் உரிமைக்கு அரசாங்கமே வழி செய்திருக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். 2022 ஜூலையில் நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது, அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வண்டி இந்த நாலுக்கும் கம்பெனிகள் உதிரி பாகமும் விவரமும் தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல காரியம். ஆனால் அது கம்பெனி உயிரோடிருக்கும் பொருள்களுக்கு. 124ஜி உற்பத்தி நின்றே நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அதற்கு உதிரி பாகம் இன்னொரு செத்த 124ஜி-யில்தான் இருக்கிறது.

எல்லாக் கேமராவையும் ரிப்பேர் செய் என்று நான் சொல்ல வரவில்லை. க்ளிக் 3-ஐ அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் செலவு வேண்டாம். எண்பதுகளில் வந்த, பேட்டரி இல்லாமல் ஷட்டரே அசையாத கேமராக்களின் சர்க்யூட் போனால் பாயே கையை விரிக்கிறார். முழுக்கப் பல்சக்கரத்தில் ஓடுவதுதான் பிழைக்கும். அப்புறம் பிலிம் செலவு. ஒரு ரோல் எனக்கு 900 ரூபாய் ஆனது, கழுவி ஸ்கேன் செய்ய இன்னொரு 500. ஒரு படத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல். அதனால் கண்டதையும் எடுக்க முடியாது. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

வேலை முடிந்து வாங்கும்போது, வெட்கத்தோடு 4,500 ரூபாயை எண்ணி வைத்தேன். பாய் 700 ரூபாயைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "பேசினது பேசினதுதான் சார்." எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. அப்புறம் புத்திமதி மட்டும் சொன்னார்: செல்ஃப் டைமரைத் தொடாதீங்க, ஐந்நூறு வேகம் வைக்கிறதா இருந்தா வைண்ட் பண்றதுக்கு முன்னாடியே வைங்க. மீட்டருக்குப் பேட்டரி கேட்டேன். அந்தக் காலத்துப் பாதரசப் பேட்டரி இப்போது வருவதில்லை. காது மிஷினுக்குப் போடும் பெரிய சைஸ் பேட்டரியை ஒரு ரப்பர் வளையத்தோடு வைத்தால் போதும், ஓல்டேஜ் ஏறக்குறைய சரியாக இருக்கும் என்றார். என் காதில் இருப்பதைக் கழற்றிக் காட்டினேன். அதே பேட்டரிதான்.

தங்கையைப் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். பன்னிரண்டில் மூன்று என் தப்பால் வெளுத்துப் போயிற்று, ஒன்று ஆடிவிட்டது. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "என்னண்ணே, கும்பிடுற மாதிரி குனியிற" என்று அவள் கேட்டபோது அழுத்தியது நன்றாக வந்திருக்கிறது. அதைப் பெரிதாக பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தடவை நெகடிவ் இரண்டு வீட்டிலும் வேண்டாம், என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

700 ரூபாய் இன்னும் கணக்கில் நிற்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுப் பரணில் லென்ஸ் உடைந்த யாஷிகா ஒன்று கிடந்தது, காயலான் கடைக்குப் போட இருந்தார். வாங்கி வைத்திருக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு ரஷ்யக் கேமரா, ஷட்டர் திரை கிழிந்தது, அதையும் தருகிறேன் என்கிறார்கள். இரண்டையும் வரும் திங்கட்கிழமை பாயிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். மாடி மட்டும் இரண்டுக்கு மேல் வேண்டாம், முழங்கால் ஒத்துழைப்பதில்லை.